இன்னர்வேஷனுக்குத் தமிழ்: நரம்பூட்டமா, நரம்பாட்சியா, நரம்போட்டமா?

வணக்கம்.

உடலியங்கியல் பாடக்குறிப்புகளில் 'இன்னர்வேஷன்' (ஓர் உறுப்புக்கு நரம்பிணைப்பு இருப்பது) வரும் இடத்தில் 'நரம்புத் தூண்டல்' என்று போடுகிறார்கள். பொருந்தாது. வேகஸ் நரம்பு இதயத்துக்குப் போவது அதை அடக்கி வைக்கத்தான். 'நரம்பூட்டம்' என்றால் மருந்துக்கடையில் பி12 மாத்திரை கேட்பது போல இருக்கிறது. 'நரம்பாட்சி' எப்படி? முடுக்குவதும் அடக்குவதும் இரண்டுமே ஆட்சிதானே. தசைக்கும் சரி, சுரப்பிக்கும் சரி.

---

ஐயா, வணக்கம். ஆட்சி என்றதும், நரம்பு போனால் உறுப்பு நின்றுவிடும் என்று படிப்பவர் நினைப்பார். மாற்றிப் பொருத்திய இதயத்தைப் பாருங்கள். நரம்பெல்லாம் வெட்டுப்பட்டபின்னும், இதயத்துக்குள்ளேயே துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவின் சொந்தத் தாளத்தில், ஓய்விலேயே நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கிறது. வேகஸின் பிடி விட்டதால் வந்த வேகம் அது. அட்ரோபின் மருந்து விலக்குவது அந்தப் பிடியைத்தான் என்பதால் இங்கே அதைப் போட்டும் துடிப்பு ஏறாது.

எலும்புத் தசையின் கதை வேறு. நரம்பு அறுந்தால் தசை அப்போதே செயலிழக்கும், சில வாரங்களில் கண்ணுக்குத் தெரிய மெலியும். நரம்பு திரும்ப வளர்வது நாளுக்குச் சுமார் 1 மி.மீ. தசை 30 செ.மீ. தள்ளி இருந்தால் போய்ச் சேரப் பத்து மாதம். ரொம்பத் தாமதித்தால் தசை இழைகள் கொழுப்பும் நார்த்திசுவுமாகிவிடும். பிறகு நரம்பு வந்தும் பயனில்லை.

இன்னொரு தடை: தோலுக்கும் இன்னர்வேஷன் உண்டு. அங்கே உணர்வுச் செய்தி தோலிலிருந்து உள்ளே வருகிறது. தோலை நரம்பு 'ஆள்கிறது' என்று எழுத முடியுமா? 'நரம்போட்டம்' என் பரிந்துரை. ரத்த ஓட்டம் தெரிந்தவருக்கு விளக்கவே வேண்டாம்.

---

நரம்போட்டம் நல்ல சொல். ஆனால் நரம்பு ஓடும் வழி என்றும் பொருள்படுமே? பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியில் வைத்துப் பார்க்கிறேன். அதைச் சுரக்க வைக்கும் இழைகள் 9ஆம் மூளை நரம்பில் கிளம்பி, ஓட்டிக் முடிச்சில் அடுத்த நரம்பணுவுக்கு மாறி, 5ஆம் நரம்பின் கிளையொன்றில் தொற்றிக்கொண்டு சுரப்பிக்குப் போகின்றன. வழி ஒருவருடையது, சரக்கு இன்னொருவருடையது. ஒரே சொல் இரண்டையும் குறித்தால் மாணவர் தேர்வில் 5ஆம் நரம்பு என்று எழுதிவிட்டு வருவார்.

இந்தச் சுரப்பியை அறுவையில் எடுத்தபின், அறுபட்ட இழைகள் சிலருக்குக் கன்னத் தோலின் வியர்வைச் சுரப்பிகளுக்குள் வளர்ந்துவிடும். வியர்வைச் சுரப்பிக்குப் போவது பரிவு (சிம்பதெடிக்) நரம்பே என்றாலும் அதன் முனையில் வெளிப்படுவது அசிட்டைல்கோலின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள். உமிழ்நீர் இழைக்கும் அதேதான். ஆகவே ஆள் மாறியது சுரப்பிக்குத் தெரிவதில்லை. ஊறுகாயைப் பார்த்தால் வாய் ஊறுவதற்குப் பதில் கன்னம் வியர்க்கும். ஃபிரே நோய்க்குறி இதுதான். இதை 'பிறழ் நரம்போட்டம்' எனலாம். 'பிறழ் நரம்பாட்சி' என்றால் அரசியல் கட்டுரைத் தலைப்பு.

இதற்குத் தோலில் போடும் போட்டுலினம் (போடாக்ஸ் வகை நச்சு) ஊசி நரம்பை அறுப்பதில்லை. முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிவராமல் தடுக்கிறது. சில மாதங்களில் அந்தத் தடை நீங்கிவிடும். இதற்கும் நரம்பு வெட்டுக்கும் ஒரே சொல் கூடாது.

---

அப்படியானால் இப்படி வைப்போம். இன்னர்வேஷன்: நரம்போட்டம். நரம்பு போகும் வழி: நரம்புத் தடம். டீநர்வேஷன் (நரம்பிணைப்பு அறுவது): நரம்பறவு. ரீஇன்னர்வேஷன்: மீள் நரம்போட்டம். போட்டுலினம் செய்வது: நரம்புமுனை அடைப்பு.

ஒரு மோட்டார் நரம்பணு எத்தனை தசை இழைகளை இயக்குகிறது என்பதற்கு 'நரம்போட்ட விகிதம்' சரியாக விழுகிறது. கண்ணை அசைக்கும் தசைகளில் அது பத்தை ஒட்டி, கெண்டைக்கால் தசையில் ஆயிரத்துக்கு மேல்; அதனால்தான் கண்ணசைவில் அத்தனை நுணுக்கம்.

வினை வடிவம் இன்னும் இடிக்கிறது. '7ஆம் நரம்பு முகத்தசைகளுக்கு நரம்போட்டம் தருகிறது' என்பதில் நரம்பு இரண்டு முறை வருகிறது. 'முகத்தசைகளுக்கு நரம்போட்டம் 7ஆம் நரம்பின்வழி' என்று திருப்பிப் போட்டாலும் அதே கதைதான். வேறு வழி தோன்றினால் எழுதுங்கள்.