12 லீட் ஈசிஜி: கம்பியா, நோக்கா?

அக்கா, டர்பன் இதய மறுவாழ்வு வகுப்புக்கான துண்டறிக்கையில் 12 லீட் ஈசிஜி என்பது "12 கம்பி ஈசிஜி" என்று இருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடலாம். உடம்பில் ஒட்டுவது 10 மின்முனை (எலக்ட்ரோடு), அவற்றுக்குக் கம்பியும் 10தான். எண்ணிப் பார்க்கிறவர் மீதி இரண்டு எங்கே என்று கேட்பார்.

லீட் என்பது கையில் பிடிக்கிற பொருள் அல்ல, கழித்தல் கணக்கு. லீட் 1, இடக்கை மின்னழுத்தத்திலிருந்து வலக்கையினதைக் கழித்தது. 2, இடக்காலிலிருந்து வலக்கை. 3, இடக்காலிலிருந்து இடக்கை. ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப் என்ற மற்ற மூன்று லீட்களும் இதே மூன்று மின்முனையிலிருந்துதான் பிறக்கின்றன. வலக்காலில் ஒட்டுவது இரைச்சலைக் குறைக்க மட்டும். மார்பின் ஆறையும் சேர்த்தால் 12. ஒரே இதயத்தைப் பன்னிரண்டு கோணத்தில் பார்க்கிறோம், அதனால் "நோக்கு" என்கிறேன்: நோக்கு 2, மார்பு நோக்கு. அண்ணன் சொன்ன "தடம்" காதுக்கு இனிமைதான். ஆனால் தாளில் விழும் கோட்டுக்கு அது தேவைப்படும்.

இது வெறும் சொல் நயம் இல்லை. "கம்பி 2 சரியில்லை" என்றால் இரண்டாவது கம்பி எது என்று தேடத் தோன்றும். அப்படி ஒன்று கிடையாது. நோக்கு 1, 2 இரண்டிலும் கோடு நடுங்கி 3 மட்டும் சுத்தமாக இருந்தால், இரண்டுக்கும் பொதுவான வலக்கை மின்முனையைப் பாருங்கள். 1, 3 கெட்டு 2 நன்றாக இருந்தால் இடக்கை. 2, 3 கெட்டால் இடக்கால். பெரும்பாலும் ஜெல் காய்ந்திருக்கும், அல்லது நம்மூர் பிப்ரவரிப் புழுக்கத்தில் வியர்வை ஒட்டைத் தூக்கியிருக்கும். முடியை மழித்து, துணியால் லேசாகத் தேய்த்து, ஈரம் போனபின் புதியதை ஒட்ட வேண்டும். பழையதை அழுத்திவிட்டால் ஐந்து நிமிடம்கூட நிற்காது.

ஐரோப்பிய நிறமுறைக் கம்பிகளுக்கு நம்மூரில் ரோபோட் என்கிற போக்குவரத்து விளக்கே போதும்: வலக்கை சிவப்பு, இடக்கை மஞ்சள், இடக்கால் பச்சை. வலக்கால் கறுப்பு. அமெரிக்க முறையில் கறுப்பு இடக்கைக்கு, பச்சை வலக்காலுக்கு. இரண்டையும் ஒரே அறையில் கலக்காதீர்கள்.

டிரெட்மில்லில் கை, கால் மின்முனைகளைத் தோளுக்குக் கீழும் அடிவயிற்றுக்கும் நகர்த்துகிறோம். இடம் மாறினால் நோக்கும் மாறும், ஆகவே அந்த ஈசிஜியைப் படுக்கவைத்து எடுத்ததோடு ஒப்பிடக் கூடாது. "கம்பி" என்று எழுதினால் இந்த எச்சரிக்கையே புரியாது.

—

தம்பி, கணக்கு ஒத்துக்கொள்கிறேன். "நோக்கு" என்றதும் நோக்கம் நினைவுக்கு வருவதுதான் உறுத்தல். பக்கத்தில் எண் நின்றால் அது போய்விடும். ஆனால் பேஸ்மேக்கர் லீட்? இதயத்துக்குள் போவது நிஜமான கம்பி. அதை நோக்கு என்றால் நோயாளி என்ன நினைப்பார்?

—

அங்கே கம்பியே இருக்கட்டும், அக்கா. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரு சொல்லை வைத்ததற்காக நாமும் வைக்க வேண்டியதில்லை. திரையில் வரும் "லீட் ஆஃப்" இரண்டிலும் சேராது. அதற்கு "மின்முனை கழன்றது" என்று போடுங்கள். கம்பி பிடுங்கிக்கொண்டாலும் அதே எச்சரிக்கை வரும் என்று அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். "மறுவாழ்வு" எனக்கு அகதி முகாமை நினைவூட்டுகிறது, அதை வேறொரு நாள் பேசுவோம்.