நீச்சல் தெரியாது, அடுத்த வாரம் ஹியூட் ட்ரெயினிங், போலாமா வேணாமா?

தர்மபுரி ரிக்கர்:
வணக்கம் மக்களே. இத்தனை வருஷமா கரையிலதான் ரிஃபைனரி ஷட்டவுன் வேலை பாத்துட்டு இருந்தேன், இப்ப முதல் தடவையா ஆஃப்ஷோர், அதான் நடுக்கடல்ல வேலை பாக்கற சான்ஸ் வந்திருக்கு, சம்பளமும் நல்லாருக்கு, ஆனா ரிக்குக்கு, அதான் கடல்ல எண்ணெய் தோண்டுற மேடைக்கு, ஹெலிகாப்டர்லதான் போகணுமாம், அதுக்கு முன்னாடி பாசியட்னு ஒரு கடல் பாதுகாப்பு கோர்ஸ் முடிச்சாகணும். அதுல ஹியூட்னு ஒண்ணு, தண்ணில விழுந்த ஹெலிகாப்டர்ல இருந்து தப்பிக்கற ட்ரெயினிங், ஹெலிகாப்டர் மாதிரி ஒரு பொட்டிக்குள்ள உக்கார வெச்சு பெல்ட் மாட்டி பூல்ல இறக்கி தலைகீழா கவுத்துடுறாங்க. வீடியோ பாத்ததுல இருந்து சோறு இறங்கல. சின்ன வயசுல எங்கப்பா சுரைக்குடுக்கை கட்டி கிணத்துல இறக்கி விட்டாரு, நான் கத்துன கத்துல ஊரே கூடிடுச்சு, அதோட என் நீச்சல் முடிஞ்சுது. இதுல ஏஜென்ட் வேற, "நீ ஏன்பா கஷ்டப்படுற, மேல கொஞ்சம் காசு குடு, போகாமலே சர்டிஃபிகேட் வாங்கித் தர்றேன்"ங்கறான். போனவங்க யாராச்சும் இருந்தா உள்ளதைச் சொல்லுங்க, நீச்சல் தெரியலைன்னா ஃபெயில் பண்ணிடுவாங்களா?

கடல்காக்கா:
தம்பி முதல்ல அந்த ஏஜென்ட் நம்பரை பிளாக் பண்ணு. சர்டிஃபிகேட் நம்பரை ஆன்லைன்ல செக் பண்றாங்க, மாட்டுனா வேலை போகும், அது கூட பரவால்ல, நாளைக்கு நிஜமாவே ஹெலிகாப்டர் தண்ணில இறங்குனா அந்த பேப்பரை வெச்சு என்ன பண்ணுவ? 2022 ஜூன்ல மும்பை ஹைங்கற கடல் எண்ணெய் வயல் பக்கம் 9 பேரோட போன ஹெலிகாப்டர் ரிக்குக்கு கிட்ட வந்து கடல்ல இறங்குச்சு, 4 பேர் போய்ட்டாங்க. நம்ம ஆளுங்க தினமும் போற ரூட் அது.

நீச்சல் தெரியணும்னு அவசியமே இல்ல. ஆனா முதல் நாளே இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சொல்லிடு, வெக்கப்படாத, தண்ணிக்குள்ள டைவருங்க பக்கத்துலயே நிப்பாங்க, உன்மேல கூட ஒரு கண்ணு வெச்சுக்குவாங்க. நான் இதுவரைக்கும் நாலு தடவை கவுந்து எழுந்தவன், 4 வருஷத்துக்கு ஒருக்கா ரெனியூ பண்ணணும்ல.

ஏன் கவுக்கறாங்கன்னு புரிஞ்சுகிட்டா பாதி பயம் போய்டும். ஹெலிகாப்டருக்கு இன்ஜின், கியர்பாக்ஸ், ரோட்டார்னு வெயிட்டு மொத்தமும் தலையிலதான், அதனால தண்ணில இறங்குனா அலைக்கு சட்டுனு கவுந்துடும். கவுந்த உடனே மூக்குக்குள்ள தண்ணி, கண்ணுல ஒண்ணும் தெரியாது, மேல எது கீழ எதுன்னு தலைக்கு சுத்தமா தெரியாது. ஆனா ஜன்னல் உனக்கு இடது பக்கம் இருந்துச்சுன்னா கவுந்த பிறகும் உனக்கு இடது பக்கம்தான் இருக்கும். மொத்த ட்ரெயினிங்கும் இந்த ஒரு விஷயம்தான். அதனால ஒரு கை ஜன்னல் விளிம்புல, இன்னொரு கை பெல்ட் பக்கிள்ல, ஆட்டம் நிக்கிற வரைக்கும் பொறுமையா உக்காந்திரு, அப்புறம் ஜன்னலை தள்ளி விடு, ஒரு கையால விளிம்பை கெட்டியா புடி, கடைசியா பெல்ட்டை கழட்டு, கைய விடாம உடம்பை வெளிய இழு. எல்லாரும் பண்ற தப்பு பெல்ட்டை முதல்ல கழட்டுறது. கழட்டுன உடனே மிதந்து போய் எங்கயோ முட்டிகிட்டு நிப்ப, ஜன்னலை தள்ள உனக்கு புடிமானமே இருக்காது.

இன்னொண்ணு, மூச்சு விட சின்ன சிலிண்டர் குடுத்தாங்கன்னா அதுல இழுத்த பிறகு மேல வரும்போது மூச்சை அடக்கவே கூடாது, விட்டுகிட்டே வரணும், இல்லன்னா ஆழம் கம்மியா இருந்தாலும் நுரையீரலுக்கு ஆபத்து.

சும்மா ஒருத்தன்:
இதெல்லாம் மனசுக்கு ஒரு ஆறுதல் பாஸ். பிளேன்லயும்தான் சீட்டுக்கு அடியில ஜாக்கெட் இருக்குன்னு காட்டுறாங்க, கடல்ல விழுந்தா ஜாக்கெட்டாவது ஒண்ணாவது, மொத்தமா காலி.

முன்னாள் கேபின் க்ரூ:
"சும்மா ஒருத்தன்" சார், எங்க ஃப்ளைட்லயும் உங்கள மாதிரி ஆளுங்கதான், நாங்க டெமோ காட்டும்போது போன்ல ரீல்ஸ் பாப்பீங்க. 2009 ஜனவரி 15, நியூயார்க்ல பறவைக் கூட்டம் மோதி ரெண்டு இன்ஜினும் போய் ஏ320 பிளேன் ஒண்ணு ஹட்சன் ஆத்துல இறங்குச்சே, 155 பேர், ஒருத்தர் கூட சாகல. ஃபெர்ரி படகுங்க நிமிஷத்துல வந்தது அதிர்ஷ்டம்தான், ஒத்துக்கறேன், ஆனா பின்பக்கம் தண்ணி ஏறிகிட்டு இருக்கறப்ப அத்தனை பேரையும் முன்னாடி தள்ளி றெக்கை மேல நிக்க வெச்சது க்ரூவோட ட்ரெயினிங்தான். இவ்வளவுக்கும் ஜாக்கெட்டை எடுத்துகிட்டு வெளிய வந்த பேசஞ்சருங்க ரொம்ப கம்மி!

அதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன், எங்க கிளாஸ்ல இதைச் சொன்ன அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. 1996 நவம்பர்ல எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 961ங்கற ஃப்ளைட்டைக் கடத்திட்டானுங்க, ஆஸ்திரேலியா போன்னு சொல்லி பைலட் எரிபொருள் பத்தாதுன்னு கெஞ்சியும் கேக்கல, கடைசியில எரிபொருள் தீந்து கொமோரோஸ் தீவுல பீச்சுக்கு கிட்டயே கடல்ல இறங்கி உடைஞ்சுது. 175 பேர்ல 125 பேர் போய்ட்டாங்க. அதுல மோதுன அடியில செத்தவங்க போக, பல பேர் தப்பிச்சும் வெளிய வர முடியல, ஏன்னா பயத்துல உள்ள இருக்கும்போதே ஜாக்கெட்டை ஊதிட்டாங்க. தண்ணி ஏற ஏற ஜாக்கெட் அவங்கள கூரையோட தூக்கி அழுத்திடுச்சு, வெளிய போற வழி கீழ இருக்கு, இவங்களால முங்க முடியல. "கதவு கிட்ட போன பிறகுதான் ஊதணும்"னு நாங்க சிரிச்சுகிட்டே சொல்ற அந்த ஒரு வரி இருக்கே, அதுக்குப் பின்னாடி இருக்கறது இதுதான்.

தம்பி ரிக்கர், எங்களுக்கும் பூல்ல ட்ரெயினிங் உண்டு, ஆனா எங்களைக் கவுக்க மாட்டாங்க. ஜாக்கெட்டோட குதிக்கணும், லைஃப் ராஃப்ட்ல, அதான் காத்தடிச்ச உயிர்காப்புப் படகுல ஏறணும், மத்தவங்கள இழுத்து ஏத்தணும். ஈரத்துணியோட ராஃப்ட்ல ஏறுறது இருக்கே, பாக்கத்தான் ஈசி. கை பலத்துல மட்டும் ஏறலாம்னு நினைக்காத, கால பின்னாடி உதைச்சு உடம்பை தண்ணி மேல படுக்க வெச்சுட்டு அப்புறம் வாரை புடிச்சு இழு.

சும்மா ஒருத்தன்:
சரிங்க மேடம், அடுத்த தடவை டெமோவ பாக்கறேன். ரீல்ஸ் மேட்டர் எப்படி கண்டுபிடிச்சீங்க?

தர்மபுரி ரிக்கர்:
அப்டேட். முடிச்சுட்டேன்!!! அண்ணன் சொன்ன மாதிரி முதல் நாளே நீச்சல் தெரியாதுன்னு சொல்லிட்டேன், பேட்ச்ல என்னோட சேர்த்து ஆறு பேர் கை தூக்குனானுங்க, அப்பதான் உயிரே வந்துச்சு. முதல்ல கவுக்காம நேரா இறக்குனாங்க, அது ஓகே. அப்புறம் கவுத்தாங்க பாருங்க, மண்டைக்குள்ள மிளகாப்பொடி போட்ட மாதிரி மூக்கு எரிஞ்சுது, இவ்ளோ படிச்சுட்டு போயும் என் கை தானா பெல்ட்டைத்தான் முதல்ல கழட்டுச்சு, மேல போய் முட்டிகிட்டு கிடந்தேன், டைவர் சட்டையப் புடிச்சு வெளிய இழுத்தாரு. இன்ஸ்ட்ரக்டர் திட்டல, "இப்ப உனக்கு ஏன்னு தெரிஞ்சுடுச்சுல்ல, திரும்ப உக்காரு"ன்னாரு. அடுத்த தடவை கண்ணை மூடிகிட்டேன், தெரியாத கண்ணை தொறந்து என்ன பண்றது, ஜன்னலை மட்டும் விடாம புடிச்சிருந்தேன், மனசுக்குள்ள அஞ்சு எண்ணுனேன், தள்ளுனேன், பெல்ட், வெளிய. கடைசி ரவுண்டுல எனக்கே அது புடிச்சுப் போச்சு.

ராஃப்ட்லதான் மானம் போச்சு, ரெண்டு பேர் நான் போட்டிருந்த கவரால் டிரெஸ்ஸைப் புடிச்சு மூட்டை மாதிரி தூக்கிப் போட்டாங்க.

ஒரு டவுட், நாலு நாளா வலது காதுல தண்ணி நிக்கிற மாதிரி இருக்கு, பட்ஸ் போடலாமா?

கடல்காக்கா:
சபாஷ் தம்பி. பட்ஸ் போடாத, இஎன்டி டாக்டர்கிட்ட காட்டிட்டு வா. மெடிக்கல் இன்னும் பாக்கி இருக்குல்ல?