மூன்றரை வயதுக்குப் படம் பொருத்தும் விளையாட்டு: எதில் தொடங்கலாம்?

மீனுக்குட்டி அம்மா:
மகளுக்கு மூன்றரை வயது. பிறந்தநாளுக்கு ஒரு மெமரி கேம் பெட்டி வந்தது, அட்டைகளைக் கவிழ்த்து வைத்து ஜோடி கண்டுபிடிப்போமே, அதுதான். மொத்தம் 72 அட்டை, பரப்பினால் பாதி ஹால் காலி. இவள் இரண்டு அட்டையைத் திருப்புவாள், ஜோடி சேரவில்லையென்றால் மூன்றாவதையும் திருப்புவாள், அப்புறம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். ஆறு வயது அண்ணன் ஜெயித்தால் அழுகை வேறு. போர்டு மேல் வைத்துப் பொருத்துகிற மாதிரி இதைவிட எளிதாக ஏதாவது உண்டா? மொபைல் ஆப் மட்டும் சொல்லாதீர்கள், அதைப் பிடுங்கி வைப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

பால்வாடி டீச்சர்:
72 அட்டை நமக்கே தலை சுற்றும்! நாலு ஜோடி மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பரணில் போடுங்கள். முதலில் கவிழ்க்கவே வேண்டாம், படம் தெரியும்படி பரப்பி "இதுக்கு ஜோடி எங்கே?" என்று தேட விடுங்கள். ஒன்றுபோல் இருப்பதைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அது எங்கே இருந்தது என்று ஞாபகம் வைப்பது இன்னொரு வேலை. முதலாவது கைவந்த பிறகு கவிழ்க்கலாம், அப்போதும் நேர்வரிசையாக வையுங்கள், திருப்பிய அட்டையை அதே இடத்தில்தான் மறுபடி கவிழ்க்க வேண்டும். பிள்ளைகள் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் தேடுவார்கள், அண்ணன் அவசரத்தில் அட்டையை நகர்த்தினால் ஆட்டம் போச்சு.

போர்டு கேட்டீர்களே, அதற்குப் படலோட்டோ சரியாக இருக்கும். ஆளுக்கு ஒரு பெரிய அட்டை, அதில் ஆறு கட்டம், ஆறு படம். அதே படங்கள் சின்னச் சீட்டுகளாகப் பைக்குள் இருக்கும். ஒருவர் எடுத்துக் காட்டி "சைக்கிள் யாருகிட்ட?" என்று கேட்க வேண்டும், இருப்பவர் வாங்கிக் கட்டத்தில் வைக்க வேண்டும். ஒருவர் முடித்ததும் நிறுத்தாமல் எல்லார் அட்டையும் நிறையும்வரை ஆடுங்கள், தோற்றது அவ்வளவாக உறைக்காது.

சேலத்துக்காரன்:
டீச்சர் சொன்ன லோட்டோவைக் காசு கொடுத்து வாங்காதீர்கள் அக்கா. தோசைக்கல், மிக்சி, துடைப்பம், தாத்தா செருப்பு என்று வீட்டுச் சாமான்களையே போட்டோ எடுத்து, ஸ்டூடியோவில் இரண்டிரண்டு பிரதி போட்டு, ஸ்வீட் பாக்ஸ் அட்டையில் ஒட்டினோம். எங்கள் பையன் செருப்புச் சீட்டு வந்தால் தாத்தாவிடம் ஓடிப்போய்க் காட்டிவிட்டு வந்துதான் கட்டத்தில் வைப்பான். பின்னால் கவிழ்த்து ஆடுகிற எண்ணம் இருந்தால் முதுகுப்பக்கம் முழுக்கப் பிரவுன் ஷீட் ஒட்டிவிடுங்கள், ஸ்வீட் கடைப் பெயரில் அரை எழுத்து தெரிந்தாலும் பொடிசுகள் அதை வைத்தே ஜோடியைப் பிடித்துவிடும்.

ஸ்டுட்கார்ட் சித்தி:
அண்ணன் தங்கை சண்டைக்கு, இங்கே ஹாபா என்ற ஜெர்மன் கம்பெனியின் பழத்தோட்ட விளையாட்டு இருக்கு. 1986இல் வந்தது, இரண்டு வயதுப் பிள்ளைகளும் ஆடக்கூடிய சின்னப் பதிப்பும் பிறகு வந்தது, அதைப் பாருங்கோ. நாலு நிறத்தில் மரத்தால் செய்த பழங்கள், ஒரு நிறப் பகடை. எந்த நிறம் விழுதோ அந்தப் பழத்தைப் பறிச்சுக் கூடையில் போட வேணும். அண்டங்காகம் விழுந்தால் காகம் ஒரு கட்டம் முன்னுக்கு வரும். அது தோட்டத்துக்கு வந்து சேர முதல் எல்லாப் பழத்தையும் பறிச்சால் எல்லாருக்கும் வெற்றி, இல்லையெண்டால் காகத்துக்கு வெற்றி. பிள்ளைகள் ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான். விலை கொஞ்சம் கூட. வெறும் மரக்கட்டையில் ஸ்டிக்கர் ஒட்டி நீங்களே பகடை செய்யலாம்.

பால்வாடி டீச்சர்:
செய்யலாம், ஆனால் பழத்துக்குப் பதிலாகப் பட்டன், புளியங்கொட்டை, சோழி என்று வைத்துவிடாதீர்கள். டிஷ்யூ ரோலின் அட்டைக்குழாய்க்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் கூடாது. உங்கள் மகள் தாண்டிவிட்டாள், வீட்டுக்கு வருகிற குட்டிகளையும் பார்க்க வேண்டுமே.

மீனுக்குட்டி அம்மா:
நன்றி எல்லாருக்கும். நாலு ஜோடி வைத்துப் பார்த்தேன், உட்கார்ந்தாள்! ஆனால் அண்ணனுக்கு இது சப்பென்று இருக்கிறதாம்.

பால்வாடி டீச்சர்:
அவனுக்குப் படச்சீட்டு வேண்டாம், வார்த்தை எழுதிய சீட்டுகளைப் பையில் போட்டுக் கொடுங்கள். அவன் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும், அவள் படத்தைத் தேட வேண்டும். முதலில் மரம், படம் மாதிரிச் சின்ன வார்த்தைகள் போதும், துடைப்பத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.