அம்பாவுக்கு நிமிஷத்துக்கு 96 தாள அடின்னு யார் அளந்து கொடுத்தது?

மூக்கையூர் மடி:
தொண்டி ஸ்டீரியோ நேத்துப் போட்ட பதிவை இன்னைக்கு நாலு பேர் பகிர்ந்துட்டாங்க, அதனால பதில் சொல்லியே ஆகணும். அம்பான்னா மீனவங்க வலை இழுக்குறப்ப பாடுற பாட்டு. அவர் எழுதினது இதுதான்: "அம்பாப் பாட்டோட வேகம் நிமிஷத்துக்கு 96 அடி. பாப் இசையோட நம்ம கடக்கரைப் பாட்டைக் கலக்குற இண்டி (சினிமாவைச் சாராம தனியாப் பாட்டுப் போடுற) ஆட்களைக் கண்டுபிடிக்க இதுதான் சுருக்கு வழி. வேகம் 96, தேடல் சொல் ஐலசா. பத்து நிமிஷத்துல ராமநாதபுரத்து ஆட்களைச் சலிச்சு எடுத்துடலாம்."

96 எந்தக் கரையில அளந்தது? கரைவலை எப்படி இழுக்குறாங்கன்னு பார்த்துட்டு எழுதியிருக்கணும். கயித்தோட ஒரு நுனி கரையில நிக்கும். வள்ளம் அரைவட்டமாப் போய் கயிறு, வலை, நடுவுல மடி (மீன் சேருற பை), மறுபடி வலை, கயிறுன்னு இறக்கிட்டு இன்னொரு நுனியோட கரைக்கு வரும். ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு இழுப்பாங்க. வெறும் கயிறு வர்ற வரைக்கும் பாட்டு ஒரு நடையில போகும். வலை வர ஆரம்பிச்சதும் பாரம் ஏறும், ஒரு இழுவைக்கும் அடுத்த இழுவைக்கும் நடுவுல மூச்சு நீளும், பாட்டும் நீளும். மடி அலையடிக்குற இடத்துக்கு வந்துட்டா மீன் தப்பிடும்னு வெட்டி வெட்டி இழுப்பாங்க, பாட்டு பாதியாச் சுருங்கும். ஐலசாங்குறது தாளத்துல விழுற சொல் இல்லை, கை கயித்தை வாங்குற இடத்துல விழுற சொல். ஒரே வலைக்குள்ள வேகம் எத்தனை தடவை மாறுது! அதுக்கு 96-னு முத்திரை குத்துனா என்ன அர்த்தம்?

தொண்டி ஸ்டீரியோ:
அண்ணே, கரைவலைப் பாடம் நல்லா இருக்கு. கேட்டது அது இல்லை. புதுசாப் பாட்டுத் தேடுற பசங்களுக்கு ஒரு பிடி வேணும். நான் கொடுத்தது அந்தப் பிடி. கடக்கரைன்னு பேர் போட்டு வர்ற பாட்டுகளை வேகம் பார்க்குற செயலியில போட்டா திரும்பத் திரும்ப 96 வருது. வர்றதைத்தான் சொன்னேன். 96 தப்புன்னா சரியான எண் என்னன்னு சொல்லுங்க. சொல்ல முடியாதுல்ல? அப்ப 96 நிக்கும்.

மூக்கையூர் மடி:
எண்ணே கிடையாதுன்னு சொல்றவன்கிட்ட சரியான எண்ணைக் கேட்குறீங்க. செயலி காட்டுறதை அப்படியே நம்புறதும் தப்பு. ஆறு எட்டு நடையில (6/8, ஆறு ஆறா எண்ணுற தாளம்) ஒரு பாட்டைக் கொடுத்தா அந்தச் செயலி ஒரு தடவை 96 காட்டும், இன்னொரு தடவை 144 காட்டும், இல்லைன்னா 64 காட்டும். மூணையும் ரெண்டையும் மாத்தி எண்ணுறதால வர்ற பிழை அது. 48, 192 காட்டுனாலும் ஆச்சரியம் இல்லை, அது பாதியும் இரட்டிப்பும். உங்க 96-ல எது நிஜம் எது எண்ணிக்கைப் பிழைன்னு காதால சரிபார்த்தீங்களா?

பாம்பன் வாடைக்காத்து:
ஆறு எட்டுன்னு பேச்சு வந்ததால சொல்றேன். பாப்பையும் ஊர்ப்பாட்டையும் கலக்குறது என்னமோ 2021-ல மாஜாங்குற இசைத் தளம் வந்தப்புறம்தான் பிறந்த மாதிரி எல்லாரும் எழுதுறாங்க. 1970-கள்லயே சிலோன் மனோகர் இலங்கை ஆட்டப் பாட்டான பைலாவைத் தமிழ்ல பாடி ரெண்டு கரையையும் ஆட வெச்சாச்சு. பைலா ஆறு எட்டு நடை, போர்ச்சுகீசியர் வழி வந்தது. இந்தப் பக்கம் வானொலியைத் திருப்புனா இலங்கைதான் முதல்ல கேட்கும். நம்ம கடக்கரை பாப்புன்னு ஒண்ணு இருந்தா அதுல பாதி பைலா. அம்பாவை மட்டும் பிடிச்சுத் தொங்குறீங்க ரெண்டு பேரும்.

தொண்டி ஸ்டீரியோ:
பைலா இலங்கைச் சரக்கு. தலைப்பு ராமநாதபுரம்.

பாம்பன் வாடைக்காத்து:
சரக்கா? நடுவுல கிடக்குறது ஒரு மணல்திட்டு தூரம். தொண்டியில உட்கார்ந்துகிட்டு எது நம்மது எது அடுத்தவன்துன்னு பிரிச்சுக் கொடுக்க உங்களுக்கு யாரு அதிகாரம் தந்தது?

கீழக்கரை தப்ஸ்:
இங்க எல்லாரும் கடக்கரைன்னா வலை, கயிறு, ஐலசா அதோட முடிச்சுக்குறீங்க. ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழாவுல கொட்டுற தப்ஸ் மேளம் கடக்கரைச் சத்தம் இல்லையா? பக்கீர்மார் தாயிரா மேளம் அடிச்சுப் பாடுறது இல்லையா? நாகூர் ஹனீபா 1925-ல பிறந்தது ராமநாதபுரத்துல. பேர்ல நாகூர் இருக்குறதால ஊர்க்காரங்களே மறந்துட்டாங்க. அந்தக் குரலெடுப்பை இன்னைக்கு சிந்தசைசரோட வெச்சுப் பாடுற இளசுகளை உங்க 96-ம் பிடிக்காது, மடி காக்காவோட (எங்க பேச்சுல காக்கான்னா அண்ணன்) கயிறும் பிடிக்காது.

மூக்கையூர் மடி:
தப்ஸை யாரும் தள்ளலை பாய். ஆனா பேச்சு 96-ல நிக்குது. அதை முடிச்சுட்டு வர்றேன்.

கீழக்கரை தப்ஸ்:
எப்பவுமே முடிச்சுட்டுத்தான் வர்றீங்க. போன மாசம் உறுமி விவாதத்துலயும் இதேதான் சொன்னீங்க, இன்னும் வந்து சேரலை.

மூக்கையூர் மடி:
உறுமியை எடுத்தது நல்லது, இங்கயும் அது தேவைப்படுது. உறுமி மேளத்துல ஒரு முகத்தை வளைஞ்ச குச்சியால இழுத்துத் தேய்க்கணும், மறு முகத்தை நேர்க்குச்சியால தட்டணும். தேய்க்குற அந்த உறுமல் ஒவ்வொரு தடவையும் நீளத்துலயும் அழுத்தத்துலயும் கொஞ்சம் மாறும். கை அப்படித்தான். கடையில வாங்குன லூப்பா (திரும்பத் திரும்ப ஓடுற ஒரே பதிவுத் துண்டு) இருந்தா நாலு ஆவர்த்தத்துக்கு (தாளச் சுத்துக்கு) ஒருக்கா அதே உறுமல், அதே இடத்துல, அதே கரகரப்போட திரும்பி வரும். ஹெட்போன்ல கண்ணை மூடிக் கேட்டா ஒரு நிமிஷத்துல பிடிபடும்.

அம்பாவுக்கும் அதே சோதனைதான். போன்ல ஸ்டாப்வாட்சை எடுங்க. ஒரு ஐலசாவுலேர்ந்து அடுத்த ஐலசா வரைக்கும் அளந்து, அப்படிப் பதினாறு இடைவெளி எழுதிக்குங்க. 96-ல ஒரு அடி 0.625 விநாடி, நாலு அடி 2.5 விநாடி. பதினாறும் 2.5-ஆவே வந்துச்சுன்னா அங்க கயிறு இல்லை. கம்ப்யூட்டர்ல ஒரே அளவு நேரக் கட்டம் போட்டு அதுக்குள்ள குரலை வெட்டி ஒட்டியிருக்காங்க. தொண்டி ஸ்டீரியோ அளந்தது அம்பாவை இல்லை, அந்தக் கட்டத்தை. 96 வந்ததுக்குக் காரணம் அது பாப் பாட்டுக்கு வசதியான வேகம், அவ்வளவுதான்.

தொண்டி ஸ்டீரியோ:
அப்ப கட்டத்துல ஒட்டவெச்ச பாட்டெல்லாம் போலியா? பாப்புன்னாலே கட்டம்தான் அண்ணே. டிரம்ஸும் பேஸும் எங்க உட்காரும்? கயிறு இழுக்குறவன் மூச்சு வாங்குற வரைக்கும் கிடார்காரன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? கலக்கணும்னு ஆசை இருக்கு, விட்டுக்கொடுக்க மனசு இல்லை உங்களுக்கு.

மூக்கையூர் மடி:
வழி இருக்கு. குரலைக் கட்டத்துக்கு இழுக்காம, கட்டத்தைக் குரலுக்கு இழுக்கணும். ரீப்பர்ங்குற ஒலிப்பதிவு மென்பொருள்ல ஒரு இழுவைக்கும் அடுத்த இழுவைக்கும் நடுவுல உள்ள நேரத்தைத் தேர்ந்தெடுத்து, அதையே ஒரு ஆவர்த்தமா வைக்கச் சொல்லி டெம்போ (வேகக்) குறி போடலாம். இழுவைக்கு இழுவை குறி போட்டுக்கிட்டே போனா கட்டம் வலையோட சேர்ந்து நீளும், சுருங்கும். அதுக்கு மேல பேஸை வாசிக்கட்டும், டிரம்ஸை நிரலா எழுதட்டும், எல்லாம் கூடவே வரும். மூணு நிமிஷப் பாட்டுக்கு எழுபது எண்பது குறி வேணும், அரைநாள் வேலை. அந்த அரைநாள் சோம்பலுக்குத்தான் 96-ஐப் போட்டு அமுக்குறாங்க. அமுக்குனா என்ன ஆகும்? மடி வர்ற இடத்துல உள்ள வெட்டு இழுவையை 2.5 விநாடிக்கு நீட்டவேண்டி வரும், குரல்ல தகரத்துல பேசுற மாதிரி ஒரு சத்தம் ஏறும். அந்தச் சத்தத்தை மறைக்க எதிரொலியை அள்ளிக் கொட்டுவாங்க. கடல் மாதிரி ஒலிக்குதுன்னு நீங்க பாராட்டுறது அந்த எதிரொலியை.

அக்காமடம்:
இங்க ஒரு பொம்பளைப் பாட்டு வரலையே இன்னும். வலை இழுத்தது ஆம்பளை, அதனால கடக்கரைப் பாட்டுன்னா ஆம்பளைப் பாட்டு. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி எல்லாம் எந்தக் கரையில பாடுனாங்க? தெக்குக் கடல்ல முங்கிப் பாசி எடுக்குற பொம்பளைகளும் தாலாட்டுப் பாடித்தான் பிள்ளையைத் தூங்க வைக்குறாங்க. வேகம் வேகம்னு பேசுறீங்களே, தாலாட்டோட வேகத்தை வைக்குறது தொட்டில் கயிறு. சேலைத் தொட்டில் ஆடுற நேரம் அதோட நீளத்தைப் பொறுத்தது. உத்திரத்துலேர்ந்து பிள்ளை கிடக்குற இடம் வரைக்கும் 2 மீட்டர்னா ஒருக்காப் போய்த் திரும்ப 2.8 விநாடி ஆகும். 1.5 மீட்டர்னா 2.5 விநாடி. பிள்ளை எடை எவ்வளவுங்குறது கணக்குலயே வராது. வீட்டுக்கு வீடு உத்திரம் வேற, தாலாட்டும் வேற.

தொண்டி ஸ்டீரியோ:
அக்கா, நன்றி! 2.5 விநாடி! நாலு அடிக்கு 2.5-ன்னா 96! மடி அண்ணே, இதுக்கு என்ன சொல்றீங்க?

மூக்கையூர் மடி:
தொட்டிலையும் கரைவலையையும் ஒண்ணாக் கட்டுறவர்கிட்ட என்ன சொல்ல? அக்கா சொன்னதோட கடைசி வரியைப் படிங்க. வீட்டுக்கு வீடு வேற.

அக்காமடம்:
நான் சொன்னதை 96-க்குச் சாட்சியா இழுக்காதீங்க தம்பி. பொம்பளைப் பாட்டை ஏன் தேடமாட்டேங்குறீங்கன்னுதான் கேட்டேன். ரெண்டு பேருமே பதில் சொல்லலை.

பாம்பன் வாடைக்காத்து:
பைலாவுக்கும் பதில் இல்லை.

மூக்கையூர் மடி:
தேடுற விஷயத்துக்கு வர்றேன், அதுதான தலைப்பு. வேகத்தை வெச்சுத் தேடுறது எப்படியும் செத்த வழி. ஸ்பாட்டிஃபை பாட்டோட வேகத் தரவை வெளியாளுக்குக் கொடுத்துட்டு இருந்துச்சு, 2024 நவம்பர்ல புதுச் செயலிகளுக்கு அதை மூடிட்டாங்க. செய்யவேண்டியது ஆள் பேரைப் பிடிக்குறது. பாட்டுக்குப் பக்கத்துல மூணு புள்ளியைத் தொட்டா கிரெடிட்ஸ் வரும். பாடகர் பேரை விடுங்க, உறுமி யாரு, பம்பை யாரு, தவில் யாருன்னு பாருங்க. யூடியூப்ல பேருக்குப் பின்னால 'டாபிக்'னு ஒட்டிக்கிட்டு வர்ற சேனல்கள் தானா உருவாகுறது. அதுல பாட்டுக்குக் கீழ விவரத்தைத் திறந்தா, விநியோகிச்ச நிறுவனம் பேரோட வாசிச்சவங்க பேரும் பல நேரம் இருக்கும். அந்த மேளக்காரர் பேரை மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுங்க. அவர் வாசிச்ச மத்த பாட்டு கிடைக்கும், அதுல புதுசா ரெண்டு பாடகர் கிடைப்பாங்க. மேளக்காரர் ஒருத்தர், அவரைச் சுத்தி அஞ்சாறு இண்டி ஆட்கள்னுதான் இந்த உலகம் இருக்கு.

தேடுறப்ப எழுத்தையும் மாத்திப் போடணும். அம்பா, அம்பாப் பாட்டு, ஏலேலோ, கப்பல் பாட்டு எல்லாத்தையும் தமிழ்ல ஒருக்கா, அதையே இங்கிலீஷ் எழுத்துல நாலு விதமா ஒருக்கா. நாட்டுப்புறம்னு மட்டும் போட்டா சினிமாப் பாட்டுதான் கொட்டும். முடிவுகள்ல புதுசாப் பதிவேத்துனதை முதல்ல பாருங்க, பார்வை எண்ணிக்கையைத் துரத்தாதீங்க. ஸ்பாட்டிஃபைல பன்னிரண்டு மாசத்துல 1,000 தடவை ஓடாத பாட்டுக்கு 2024-லேர்ந்து காசு கிடையாது. அதனால சின்ன ஆட்கள் பலபேர் பாட்டை யூடியூப்லயோ, பேண்ட்கேம்ப்ங்குற பாட்டு விக்குற தளத்துலயோ மட்டும் வைக்குறாங்க. மேடைப் பட்டியலும் உதவும். நீலம் பண்பாட்டு மையம் 2020-ல தொடங்குன மார்கழியில் மக்களிசை வரிசையைப் பாருங்க, அதுல வர்ற குழுக்கள்லேர்ந்து கிளை பிரிஞ்சு போங்க. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு 2017-ல தொடங்குன பிறகு கானாவையும் ராக்கையும் சேர்த்து வாசிக்குற மேளக்காரர்கள் பேர் வெளிய தெரிஞ்சுது. காது பழகணும்னா பாம்பன் கடல் ஓசை 90.4 கேளுங்க. 2016-லேர்ந்து மீனவர்களுக்காகவே ஓடுற சமூக வானொலி அது. கரைப்பேச்சு எந்த நடையில வளையுதுன்னு தெரிஞ்சா, சென்னை ஸ்டுடியோவுல உட்கார்ந்து கடக்கரைக் குரலை வரவழைச்சுப் பாடுறவரை ஒரு வரியில கண்டுபிடிச்சுடலாம்.

கீழக்கரை தப்ஸ்:
இவ்வளவு நீளத்துல உறுமி, பம்பை, தவில் எல்லாம் வந்துச்சு. தப்ஸுங்குற சொல் ஒரு தடவை கூட வரலை காக்கா. கவனிச்சுட்டுத்தான் இருக்கேன்.

தொண்டி ஸ்டீரியோ:
நாள் முழுக்கப் பேரைத் தேடிக்கிட்டு இருக்க எல்லாராலயும் முடியாது. நான் சொன்னது பத்து நிமிஷ வழி. 96 வெச்சுத் தேடுன இருபது பாட்டுப் பட்டியலை நாளைக்கு இங்க போடுறேன். கேட்டுட்டுப் பேசுங்க.

மூக்கையூர் மடி:
போடுங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் பதினாறு இடைவெளியை அளந்து பக்கத்துலயே எழுதுறேன். அம்பா வர்ற இடத்துல உறுமி இருந்தா அது லூப்பா கையாங்குறதையும் சேர்த்து எழுதுறேன்.

தொண்டி ஸ்டீரியோ:
அளங்க. 2.5-தான் வரும்.

மூக்கையூர் மடி:
2.5 வந்தா அது அம்பா இல்லைன்னு மேலயே எழுதியாச்சு.

பாம்பன் வாடைக்காத்து:
அந்த இருபதுல எத்தனை ஆறு எட்டுன்னும் எழுதுங்க.

அக்காமடம்:
எத்தனை பொம்பளைக் குரல்னும்.