ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றம்: சிறு நிறுவனத்திற்கு அரணா, ஆபத்தா?

கேள்வி (கதிரவன்):
ஸ்டுட்கார்ட்டில் ஆய்வகக் கருவிகள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறேன். எங்கள் கருவி ஒன்றுக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் விரைவில் காப்புரிமை வழங்கவிருக்கிறது. அதைப் பழைய முறைப்படி ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி ஆகிய மூன்று நாடுகளில் தனித்தனியாக நடைமுறைப்படுத்துவதா, பல நாடுகளுக்கும் ஒன்றாகவே செல்லும் ஒருமைக் காப்புரிமையாகப் பதிவு செய்வதா என்று தீர்மானிக்க வேண்டும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவாக 2023 ஜூன் 1 முதல் இயங்கிவரும் ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றம், எங்கள் கருவியை ஒருவர் நகலெடுத்தால் எவ்வளவு துணைநிற்கும்? அதே நீதிமன்றத்தில் எங்கள் காப்புரிமையை முழுவதுமாக இழக்கவும் நேருமா?

பதில் (மீனாட்சி):
வணக்கம். பழைய முறையின் குறையை உணர எபிலேடி வழக்கு ஒன்றே போதும். ரோமம் நீக்கும் அந்தக் கருவியின் சுருள்வில்லுக்குப் பதிலாகப் பிளவுகளுள்ள ரப்பர் தண்டை வைத்துப் போட்டி நிறுவனம் ஒரு கருவியை விற்றது. காப்புரிமை ஒன்றுதான், ஆனால் அது மீறப்படவில்லை என்று இங்கிலாந்து நீதிமன்றமும், மீறப்பட்டது என்று ஜெர்மன் நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. இன்று ஒருமைக் காப்புரிமை வைத்திருப்பவர் ஒரே வழக்கில் பல நாடுகளுக்கும் பொருந்தும் தடையைப் பெறலாம். 2023 செப்டம்பரில் 10எக்ஸ் ஜீனோமிக்ஸ் தொடுத்த வழக்கில், நானோஸ்ட்ரிங் நிறுவனத்திற்கு எதிராக அப்போதைய 17 உறுப்பு நாடுகளுக்கும் சேர்த்து இந்தப் புதிய நீதிமன்றத்தின் மியூனிக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2024 செப்டம்பரில் ருமேனியாவும் இணைந்ததால் நாடுகள் 18 ஆகிவிட்டன. சிறு நிறுவனங்களுக்கு இது பெரும் வாய்ப்பு என்றே கருதுகிறேன்.

பதில் (இளங்கோ):
மீனாட்சி அவர்கள் குறிப்பிட்ட வழக்கின் பின்பாதியையும் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் லக்சம்பர்கிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பாகும் வாய்ப்பே அதிகம் எனக் கண்டு, தடையை நீக்கியது. காப்புரிமை பலவீனமானது என்றால் அதன் விளைவும் அத்தனை நாடுகளிலும் ஒரே நாளில் தெரிந்துவிடும். முன்பெல்லாம், காப்புரிமை வழங்கப்பட்ட ஒன்பது மாதங்களுக்குள் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுக்கத் தவறியவர், அதன்பின் நாடு நாடாக வழக்குத் தொடுத்தே அதை ரத்துச் செய்ய முடிந்தது. அந்தச் செலவுக்கு அஞ்சியே பலர் விட்டுவிட்டார்கள். இப்போதோ காப்புரிமையின் ஆயுள் முழுவதும், ஒரே ரத்து வழக்கில் அனைத்தையும் வீழ்த்தலாம். ஜெர்மனியில் மீறலை ஒரு நீதிமன்றமும் செல்லுபடியை மியூனிக்கிலுள்ள கூட்டாட்சிக் காப்புரிமை நீதிமன்றமும் தனித்தனியே விசாரிப்பதால், செல்லுபடி முடிவாகும் முன்பே தடை பெறும் வாய்ப்பு காப்புரிமையாளருக்கு இருந்தது. புதிய நீதிமன்றத்திலோ பெரும்பாலும் ஒரே அமர்வு, தொழில்நுட்ப நீதிபதியையும் சேர்த்துக்கொண்டு, இரண்டையும் ஒன்றாகவே தீர்மானிக்கிறது.

கேள்வியாளர்:
எங்கள் முதன்மைப் போட்டியாளர் மிகப் பெரிய நிறுவனம். விற்பனையோ பெரும்பாலும் ஜெர்மனியில்தான். இந்நிலையில் எது பொருத்தம்?

பதில் (மீனாட்சி):
அப்படியென்றால் உங்களுக்குப் பழைய முறையையே பரிந்துரைப்பேன். ஒருமைக் காப்புரிமையின் ஆண்டுக் கட்டணம், அதிகம் நாடப்பட்ட நான்கு நாடுகளின் கட்டணக் கூட்டுத்தொகையை ஒட்டி அமைக்கப்பட்டது. மூன்றே நாடுகள் போதுமானவருக்கு அதில் மிச்சம் இல்லை, பின்னாளில் ஒரு நாட்டை மட்டும் கைவிடவும் வழியில்லை. பழைய முறையில் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் மொழிபெயர்ப்புத் தேவையில்லை, இத்தாலிக்கு மட்டுமே தேவை. அதைவிட முக்கியமாக, குறைந்தது ஏழாண்டு நீளும் இடைமாற்றக் காலத்தில், பழைய வகைக் காப்புரிமையைப் புதிய நீதிமன்றத்தின் வரம்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். ஒருமைக் காப்புரிமைக்கு அந்த உரிமை கிடையாது. தேசிய நீதிமன்றத்தில் வழக்கு ஏதும் தொடங்காத வரை, பின்னர் ஒருமுறை அந்த விலகலைத் திரும்பப் பெற்று, நகலெடுத்தவர்மீது புதிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கவும் முடியும். ஆனால் போட்டியாளர் அங்கே முந்திக்கொண்டு ரத்து வழக்குத் தொடுத்துவிட்டால் விலகும் வழி அடைபட்டுவிடும். விண்ணப்பம் வெளியிடப்பட்டிருந்தாலே விலகலைப் பதிவு செய்ய முடியும் என்பதால், காப்புரிமை கைக்கு வரும்வரை காத்திராமல், உரிமையாளர்கள் அனைவரின் பெயரிலும் இப்போதே பதிந்துவிடுங்கள்.