ஆற்றோரத்து ராஃபிள்ஸ் சிலை: உங்களுக்கு அங்கே என்ன நடந்தது?

மதியநடை:
2019 ஜனவரி முதல் வாரம். ராஃபிள்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி சிங்கப்பூரில் வந்திறங்கிய இருநூறாவது ஆண்டு ஏற்பாடுகள் தொடங்கியிருந்த நேரம். காலையில் வழக்கம்போல எம்பிரஸ் பிளேஸ் பக்கமிருந்து ஆற்றோரமாக நடந்து வருகிறேன், பீடத்தின் மேல் அவருடைய வெள்ளைச் சிலையைக் காணோம். சத்தியமாகக் காணோம். அக்கரைக் கட்டடம் மட்டும் தெரிகிறது. "அடடா, எடுத்துவிட்டார்களே" என்று நின்றுவிட்டேன். சரி, போவோம் என்று இரண்டடி வைத்தபோது கட்டடத்தின் கோடுகள் ஓரிடத்தில் கோணலாகி, அதிலிருந்து ஒரு முழங்கை மட்டும் வெளியே வந்தது. பிறகு தோள். பகல் நேரத்திலேயே உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது.

பின்னால் தெரியும் கட்டடத்தோடு சேர்ந்துபோகிற மாதிரி டெங் காய் வெய் என்ற ஓவியர் சிலைக்குச் சாயம் பூசியிருந்தார் என்று அப்புறம்தான் தெரிந்தது. சரியான ஓரிடத்தில் நின்றால் மட்டும் மறையும். என்னை இன்னும் குடைவது அதுவல்ல. அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, "எந்தக் கால் முன்னால் இருக்கும்?" என்று ஒருவர் கேட்டார். பதினோரு வருடமாக அந்த வழியாகத்தான் போகிறேன். கைகட்டி நிற்பார், அது தெரியும். கால் தெரியவில்லை.

கலவைக்காரன்:
அண்ணே, நீங்கள் பார்த்த அதே வாரம் நானும் போனேன். சாயமெல்லாம் போய் ராஃபிள்ஸ் பழையபடி நின்றார். கூட நான்கு பேருக்குப் புதிதாகச் சிலை வைத்திருந்தார்கள். பழைய சிங்கபுரத்தை நிறுவியதாகச் சொல்லப்படும் இளவரசர் சங் நீல உத்தமா, சீன வணிகர் டான் டோக் செங், ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்த முன்ஷி அப்துல்லா. நான்காவது நம்ம ஆள், நாராயண பிள்ளை! 1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாவது தடவை வந்தபோது பினாங்கிலிருந்து கூடவே கப்பலில் வந்தவர். இங்கே முதல் செங்கல் சூளை வைத்தவரும் அவர்தான். கொத்தனார், தச்சர் எல்லாம் வேண்டுமென்று பினாங்குக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலும் 1827இல் அவர் தொடங்கியது.

நான் கொத்தனார். அப்பா சூளையில் கல் அறுத்தவர். சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "சூளை வைத்தவனுக்கெல்லாம் சிலையாடா?" என்று கேட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "கிட்டே போய் அந்தக் கையை ஒரு படம் எடு" என்றார். எடுத்து அனுப்பினேன்.

அந்த வருடம் தீபாவளி லீவில் புதிதாக வந்த பையன்களை அழைத்துக்கொண்டு போனால், ராஃபிள்ஸ் மட்டும் தனியாக நிற்கிறார். மற்ற நால்வரும் தற்காலிகமாம். "அண்ணே, கதை விடுறீங்க" என்று பையன்கள் சிரித்தார்கள். காட்டலாம் என்றால் படம் இருந்த போன் அதற்கு முன்பே கலவைத் தொட்டியில் விழுந்து போயிருந்தது.

பழையவாத்தியார்:
முதலில் ஒரு திருத்தம். இரண்டு பேருமே வெள்ளைச் சிலையைத்தான் அசல் என்பதுபோலப் பேசுகிறீர்கள். அது 1972இல் வைத்த பிரதி. அசல் வெண்கலச் சிலை 1887 ஜூன் 27 அன்று பாடாங் திடலில் திறக்கப்பட்டது. பந்து விளையாடுகிறவர்கள் உதைத்த பந்தெல்லாம் அதன் மேல் பட்டது. நூற்றாண்டு நாளான 1919 பிப்ரவரி 6 அன்று விக்டோரியா மண்டபத்துக்கு முன்னால் மாற்றினார்கள். ஜப்பானியர் காலத்தில் அருங்காட்சியகத்துக்குள் போய், போர் முடிந்தபின் வெளியே வந்தது. வெள்ளைச் சிலையின் கல்வெட்டு ராஃபிள்ஸ் 1819 ஜனவரி 28இல் கரையேறியதாகச் சொல்கிறது. பல நூல்களில் 29 என்றிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே தங்குவதற்கு மலாய் ஆட்சியாளர்களோடு செய்த ஒப்பந்தம் பிப்ரவரி 6. ஆக எந்த நாளைச் சிங்கப்பூரின் பிறந்தநாள் என்பது?

என் அனுபவம் சின்னது. மாணவர்களை அழைத்துப் போனபோது ஒருவன் பீடத்தில் ஏறிவிட்டான், இறக்கினேன்.

ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துப் போவதானால் இப்படிச் செய்யுங்கள். முதலில் வெண்கலச் சிலை. பிறகு பக்கத்திலேயே இருக்கும் டல்ஹவுசி தூண். 1850இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு வந்து போனதன் நினைவாக எழுப்பியது. அதில் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள், நின்று வாசிக்கச் சொல்லுங்கள். வெள்ளைச் சிலையைக் கடைசியில் பாருங்கள். அதோடு திரும்பிவிடாமல் தேசிய அரும்பொருளகத்துக்குப் போய் சிங்கப்பூர்க் கல்லைக் காட்டுங்கள். ஆற்று முகத்தில் நின்ற பெரிய கல்வெட்டு அது. 1843இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள், மிஞ்சிய துண்டில் இருக்கும் எழுத்தை இன்றுவரை யாரும் படித்ததில்லை. தொப்பி அவசியம். தண்ணீர் அவசியம். பதினொரு மணிக்கு மேல் வெயிலில் குழந்தைகளை நிறுத்தாதீர்கள்.

இரவுப்பணி:
வாத்தியார் சார், பிறந்தநாளைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பக்கத்துக் கட்டடம் ஒன்றில் நான் காவல் வேலை பார்த்தேன். கூட இருந்தவர் ஒரு மலாய்க்காரர், என்னைவிட மூத்தவர். விடியற்காலையில் ஷிப்ட் முடிந்து ஆற்றோரமாக நடப்போம். சிலை வரும்போது மட்டும் அவர் ஒதுங்கிச் சுற்றிப் போவார். ஒருநாள் கேட்டேவிட்டேன். நின்று, பீடத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்து, "இங்கே தெமெங்கோங்கின் கம்போங் இருந்தது" என்றார். கேட்டதற்கு அவ்வளவுதான் பதில். பிறகு கோப்பி குடிக்கப் போய்விட்டோம்.

கம்போங் என்றால் கிராமம், தெமெங்கோங் என்பது மலாய் ஆட்சியில் ஒரு பெரிய பதவி. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தெமெங்கோங் அப்துல் ரஹ்மானின் குடியிருப்பு ஆற்றங்கரையில்தான் இருந்தது என்றும், 1823இல் அதைத் தெலுக் பிளாங்காவுக்கு மாற்றினார்கள் என்றும் ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். கூட வேலை பார்த்த அந்த மலாய்க்காரரின் வீடும் தெலுக் பிளாங்காவில்தான். அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்கத் தோன்றியபோது நான் வேலை மாறிவிட்டேன்.

கலவைக்காரன்:
வாத்தியார் சார், ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அதில் துணி துவைக்கணும், தேக்கா சந்தையில் சாமான் வாங்கணும். நீங்கள் சொன்ன நாலு இடமும் சுற்றினால் திங்கள்கிழமை லாரியில் தூங்கித்தான் போகணும். ஆனால் அந்தத் தமிழ் எழுத்துள்ள தூணை மட்டும் பார்த்துவிடுகிறேன். தொப்பி இருக்கிறது, மஞ்சள் கலரில்.

பழையவாத்தியார்:
தம்பி, காலையில் போ. எழுத்து தேய்ந்திருந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும்.

மதியநடை:
இன்று மதியம் போனேன், கால் எதுவென்று பார்க்க. கல்யாண ஜோடி ஒன்று பீடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. பெண்ணின் முக்காட்டுத் துணி காற்றில் பறந்து சிலையின் முழங்கால்வரை மறைத்தது. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, வந்துவிட்டேன்.