டர்பன் மண்ணின் புகழ்பெற்ற கலைஞர்களும் விளையாட்டு வீரர்களும் யாவர்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தமிழ்ப் பள்ளி மாணவர்களுக்காக, டர்பனில் பிறந்து புகழ்பெற்றவர்களைப் பற்றிய படக் கண்காட்சி ஒன்றை அமைக்க விரும்புகிறேன். யாரை முதலில் வைக்கலாம்?

மறுமொழி: வணக்கம் அம்மா. பாப்வா சேவ்கோலத்தையே முதலில் வையுங்கள். கோல்ஃப் மட்டையை வழக்கத்திற்கு மாறாக, கைகளை இடம் மாற்றிப் பிடித்து ஆடிய அவர், 1959இல் டச்சு ஓப்பன் போட்டியை வென்றார். 1963இல் நேட்டால் ஓப்பனில் வெற்றி பெற்றபோதோ, நிறவெறிச் சட்டங்களின் காரணமாக மன்றக் கட்டடத்திற்குள் அனுமதிக்கப்படாமல், கொட்டும் மழையில் வெளியே நின்று கோப்பையைப் பெற்றுக்கொண்டார். அந்தப் புகைப்படத்தை நம் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மறுமொழி: ஐயா கூறியதை முழுமனத்துடன் ஏற்கிறேன். கிரிக்கெட்டில் ஹாஷிம் அம்லா இருக்கிறார். 2012இல் ஓவல் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 311 ஓட்டங்கள் எடுத்து, டெஸ்ட் போட்டியில் முச்சதம் அடித்த முதல் தென்னாப்பிரிக்கர் ஆனார். ஆயினும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமானவர் செனுரன் முத்துசாமி என்பேன். தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த அவர், 2019இல் விசாகப்பட்டினத்தில் தம் முதல் டெஸ்டை ஆடியபோது வீழ்த்திய முதல் விக்கெட் விராட் கோலியுடையது.

மறுமொழி: நீச்சலில் சாட் லே குளோஸையும் சேருங்கள், 2012 லண்டன் ஒலிம்பிக்கில், 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸை முந்தித் தங்கம் வென்றவர் அவர். இசைக்கு, டர்பனில் பிறந்து 2022இல் கிராமி விருது பெற்ற இசைக் கலைஞர் பிளாக் காஃபி பொருத்தமானவர்.